மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் பணம் யாரிடமிருந்து வரும்?

கேட்டவரின் நிலைமை இது. சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலைநகர் பக்கம் சிக்னலில் நின்றிருந்த காரின் பின்னால் ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் மாதிரி சின்ன சரக்கு வண்டி) வந்து மோதியிருக்கிறது. டிக்கி உள்ளே போய்விட்டது. பின்சீட்டில் இருந்த மனைவிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. நம்பரைப் போட்டுப் பார்த்தால் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து பல மாதம் ஆகிறது. டிரைவர் ஓனரைக் கைகாட்டுகிறார். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் "அதை நான் எப்பவோ வித்துட்டேன் சார்" என்கிறார். வாங்கி ஓட்டுபவரோ பதினைந்தாயிரம் தருகிறேன், கேஸ் எல்லாம் வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகளைத் தொடர்ந்து நடத்துகிறவன் என்ற முறையில் முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் நீங்கள் ஜெயிப்பது பெரிய விஷயமில்லை. நின்ற வண்டியைப் பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் தப்பு, இதில் வாதாட அதிகம் இல்லை. சிரமம் அதற்குப் பிறகுதான். இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் தீர்ப்பு வந்ததும் கம்பெனி நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிவிடும். இல்லாத வண்டி என்றால் உங்கள் கையில் இருப்பது ஒரு தனிமனிதருக்கு எதிரான காகிதம். அவரிடம் சொத்து இல்லை என்றால் அதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஆகவே முதல் நாளிலிருந்தே யார் மேல் தப்பு என்பதைவிட, யாரிடம் பணம் இருக்கிறது, அதை எப்படிப் பிடித்து வைப்பது என்றுதான் யோசிக்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் "உங்கள் பாலிசியில் அன்இன்சூர்டு மோட்டாரிஸ்ட் கவர் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று வரும். இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் உங்கள் கம்பெனியே உங்களுக்குத் தரும் ஏற்பாடு அது. அமெரிக்க வழக்கம். பிரிட்டனில் 1946 முதல் மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ என்று ஒன்று இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி இடித்தால் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து வைத்திருக்கும் அந்த அமைப்பு நஷ்ட ஈடு தரும். நம் ஊரில் இரண்டுமே இல்லை. சிலர் "ஹிட் அண்ட் ரன் ஸ்கீமில் போட்டு ஐம்பதாயிரம் வாங்கிக்கோங்க" என்பார்கள். அதையும் நம்ப வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 161ஆம் பிரிவின் கீழ் வரும் அந்தத் திட்டம் (இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000) இடித்த வண்டி எதுவென்றே தெரியாதபோது மட்டும்தான். உங்களுக்கு வண்டி நம்பர், ஓனர், டிரைவர் எல்லாமே தெரியும்.

முதல் வேலை, உண்மையிலேயே இன்சூரன்ஸ் இல்லையா என்று தோண்டிப் பார்ப்பது. எம்பரிவாகன் ஆப்பில் சிவப்பில் காட்டியது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அங்கே விவரம் ஏறாமல் கிடப்பது சகஜம். 2018 செப்டம்பர் முதல் புதிதாக விற்கும் கார்களுக்கு மூன்று வருடத்துக்கும், டூவீலர்களுக்கு ஐந்து வருடத்துக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியை (அந்த வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது) சேர்த்தே போட வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. சொந்த சேதத்துக்கான ஒரு வருட பாலிசி முடிந்ததும் "இன்சூரன்ஸ் போச்சு" என்று வண்டிக்காரரே நினைத்துக்கொண்டிருப்பார். தேர்ட் பார்ட்டி பாலிசி உயிரோடுதான் இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். குட்டி யானை மாதிரி சரக்கு வண்டிக்கு இந்த நீண்ட கால ஏற்பாடு கிடையாது. அதற்கு வேறு சில வாய்ப்புகளைப் பார்க்க வேண்டும். வண்டி கைமாறினால் பாலிசியும் வண்டியோடு போனதாகவே சட்டம் கருதும் (157ஆம் பிரிவு). எனவே பழைய ஓனர் பெயரில் பாலிசி இருந்தாலும் உங்களுக்குப் போதும். பிரீமியத்துக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது என்று கம்பெனி கைவிரித்தால், பாலிசியை ரத்து செய்த தகவலை விபத்துக்கு முன்பே ஓனருக்குச் சொன்னார்களா என்று கேளுங்கள். சொல்லியிருக்காவிட்டால் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனிதான் தர வேண்டும் என்று 2012இல் லக்ஷ்மம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்பதும் இன்சூரன்ஸ் இல்லை என்பதும் வேறு வேறு. லைசென்ஸ் மட்டும் இல்லை என்றால், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று கம்பெனிக்கு உத்தரவு போடுவது நடைமுறை. ஆக, இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் எடுத்து, போலீஸ் மூலமாகவும் வக்கீல் மூலமாகவும் ஒரு முறை நன்றாகத் தேடிய பிறகுதான் இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும்.

சரக்கு வண்டிகளில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. இந்த ரக வண்டிக்கு ஒரு வருடத் தேர்ட் பார்ட்டி பிரீமியமே பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை அபராதம் 2,000, அடுத்த தடவை 4,000. மூன்று மாதம் வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் யாரும் உள்ளே போவதில்லை. கணக்குப் போடத் தெரிந்த எந்த ஓனரும் ரிஸ்க் எடுக்கத்தான் செய்வார். சட்டம் போட்டவர்கள்தான் இதை யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தது ஸ்டேஷன். அங்கே பெரும்பாலும் "சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம், பேசி முடிச்சுக்கோங்க" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். எலும்பு முறிந்திருக்கிறது, எஃப்.ஐ.ஆர். கண்டிப்பாக வேண்டும். அதில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 281, 125 பி பிரிவுகளோடு இன்சூரன்ஸ் இல்லாததற்கான மோட்டார் வாகனச் சட்டப் பிரிவும் (146, 196) சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். 2022 ஏப்ரலில் இருந்து விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை கிளெய்ம் டிரிப்யூனலுக்கு (நஷ்ட ஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம்) அனுப்ப வேண்டும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. இந்த நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவும் போட்டது. இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தால், உங்களுக்கு விஷயம் தெரியும் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும். அதற்கே ஒரு பலன் உண்டு.

மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், இரண்டு வண்டிகளையும் பார்த்து ஒரு அறிக்கை தருவார். எங்கெங்கே அடி, பிரேக் வேலை செய்ததா, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா என்பதெல்லாம் அதில் இருக்கும். "இயந்திரக் கோளாறு இல்லை" என்ற ஒற்றை வரி உங்களுக்கு முக்கியம். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் பின்னால் கதை சொல்ல முடியாது. அந்த அறிக்கை, எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), வரைபடம் எல்லாவற்றையும் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஏட்டையாவின் பின்னால் அலைய வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு காகிதத்தைச் சரிபாருங்கள், ஏ.ஆர். காப்பி. விபத்துப் பதிவேட்டில் டியூட்டி டாக்டர் முதன்முதலில் எழுதும் நாலைந்து வரிகள் அவை: எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார், எப்படி அடிபட்டது. மெடிக்கோ லீகல், அதாவது போலீஸ் கேஸ் தலைவலி வேண்டாம் என்று சில தனியார் ஆஸ்பத்திரிகளில் "தவறி விழுந்ததாகச் சொல்கிறார்" என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு எத்தனை சாட்சி போட்டாலும் அந்த வரியை எதிர்தரப்பு வக்கீல் விடமாட்டார். சாலை விபத்து என்றும், முடிந்தால் வண்டி நம்பரோடும், அன்றைக்கே எழுத வைத்துவிடுங்கள்.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பது இப்போது அவ்வளவு பெரிய தடையில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று இரண்டிலும் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்திருந்து அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருந்தால், அதை வேலையில் ஏற்பட்ட காயமாகவே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. மெடிக்ளெய்ம் இருந்தால் விபத்துக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள், அது பிரதமர் சுரக்ஷா பீமா. மணிக்கட்டு முறிவுக்கு அதில் ஒன்றும் வராது. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆனால் பெரிய விபத்துகளில் பல குடும்பங்கள் இதை மறந்தே போகின்றன.

இனி காருக்கு வருவோம். உங்களிடம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (சொந்த சேதமும் சேர்ந்தது) இருந்தால், எதிராளியை எதிர்பார்த்து காரை நிறுத்தி வைக்காதீர்கள். உங்கள் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். தப்பு யார் மேல் என்பது இதற்குப் பொருட்டே இல்லை. எல்லாமும் கிடைக்காது. பம்பர், டெயில் லேம்ப் மாதிரி பிளாஸ்டிக் சாமான்களுக்கு பாதிதான் தருவார்கள். கண்ணாடிக்கு முழுசாக உண்டு. டிக்கி கதவு போன்ற தகரத்துக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள், நாலிலிருந்து ஐந்து வயதுக் கார் என்றால் 35 சதவீதம். 1500 சி.சி. வரையான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000, அதற்கு மேல் 2,000. ஜீரோ டெப் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் கழிவு தொல்லை இல்லை.

அடி சின்னது என்றால் நோ கிளெய்ம் போனஸையும், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகத் தரும் பிரீமியத் தள்ளுபடியையும், கணக்கில் எடுக்க வேண்டும். 50 சதவீதப் படியில் இருப்பவர் ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50 வருவதற்குள் போகும் தள்ளுபடியைக் கூட்டினால், ஒரு வருட சொந்த சேத பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு வருகிறது. அந்த பிரீமியம் 8,000 என்றால் இழப்பு ஏறக்குறைய 10,000. பன்னிரண்டாயிரம் ரூபாய் வேலைக்கு, கழிவும் போக, கிளெய்ம் போடுவதில் அர்த்தமில்லை. டிக்கியே உள்ளே போய் சேஸிஸ் வரை அடி என்றால் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள்.

கிளெய்ம் போட்ட பிறகு ஒரு எச்சரிக்கை. உங்கள் கம்பெனி பணம் கொடுத்ததும், அந்தத் தொகையை எதிராளியிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எதிராளியோடு தனியாகப் பேசி "எல்லாம் தீர்ந்தது" என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் கம்பெனியே உங்கள் மேல் பாயும். கழிவில் போனது, பிடித்தத்தில் போனது, மனைவியின் காயம் இவற்றை மட்டும் நீங்கள் எதிராளியிடம் கேட்கலாம். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் காரின் சேதம் முழுக்க எதிராளியிடம் கேட்க வேண்டியதுதான். டிரிப்யூனலிலேயே அதையும் சேர்த்துக் கேட்கலாம், பொருள் சேதமும் அதன் அதிகாரத்துக்குள் வருகிறது. ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டைப் பலரும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்துவார்கள். அது ஓட்டிய ஓனர் இறந்தாலோ கை, கால், கண் போனாலோதான். பின்சீட்டில் இருந்தவரின் எலும்பு முறிவுக்குப் பயன்படாது.

இப்போது இந்த வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன், ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அந்தக் குட்டி யானை. வாங்கியவர் பதினைந்தாயிரத்தோடு ஓடி வருகிறாரே, உங்கள் மேல் இரக்கத்தாலா? வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வாடகை போகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்த 24 மணி நேரத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று 136ஆம் பிரிவில் இருப்பதைக் காட்டி அவர் வெளியே எடுக்கப் பார்ப்பார். இன்சூரன்ஸ் உள்ள வண்டிக்கு அது சரி. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு வேறு சட்டம் பேச வேண்டும். உஷா தேவி எதிர் பவன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரைக் காயப்படுத்தியிருந்தால், நஷ்ட ஈட்டுக்குப் போதுமான ஜாமீன் கொடுக்காமல் அந்த வண்டியை விடுவிக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகியும் கொடுக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் அதைப் பொது ஏலத்தில் விற்று, பணத்தை டிரிப்யூனலில் கட்ட வேண்டும். டெல்லி விதிகளில் இருந்த இந்த ஏற்பாட்டை மற்ற மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அந்த உத்தரவு.

நடைமுறையில் இதை யாரும் உங்களுக்காகச் செய்யமாட்டார்கள். வண்டி பல இடங்களில் ஸ்டேஷனிலேயே கைமாறிவிடும். அதனால் விபத்து நடந்த இரண்டு மூன்று நாளிலேயே இரண்டு காகிதங்கள் போக வேண்டும். ஒன்று, "இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஜாமீன் இல்லாமல் விடுவிப்பதை ஆட்சேபிக்கிறேன்" என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு, கையெழுத்தோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அந்த எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் ஒரு ஆட்சேபனை. ஓனர் வண்டியைக் கேட்டு மனு போடும்போது உங்களையும் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்பதற்காக. பழைய குட்டி யானைகூட ஒன்றரை லட்சத்துக்காவது போகும். உங்களுக்கு வரப்போகும் நஷ்ட ஈட்டில் உறுதியாகக் கிடைக்கக்கூடிய பகுதி அதுதான். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு) இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியும் பங்குக்கு வரும், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆள், "எப்பவோ வித்துட்டேன்" என்கிறவர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பெயர் மாற்றத்துக்கான 29ஆம், 30ஆம் எண் ஃபார்ம்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாறியதா என்று திரும்பிப் பார்க்காதவர்கள் நம் ஊரில் ஏராளம். சட்டம் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் வண்டி அடுத்தடுத்து பல கை மாறியிருந்தும், பதிவேட்டில் பெயர் இருந்த முதல் ஆளைத்தான் நஷ்ட ஈடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு வாங்கியவரையும் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதன் நியாயம்.

இது உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். குட்டி யானையை வாங்கி ஓட்டுபவரிடம் வண்டியைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இருக்கலாம். விற்றவரோ புது வண்டி வாங்கியவர், கடை வைத்திருப்பவர், சொந்த வீடு உள்ளவராகவும் இருக்கலாம். அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போகட்டும். பொறுப்பு தன் தலையில் விழும் என்று தெரிந்ததும், வாங்கியவரை உங்களைவிட வேகமாக அவரே துரத்துவார். மனுவில் டிரைவர், பதிவு பெற்ற ஓனர், இப்போது வைத்திருப்பவர் மூவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். யாரையும் விட வேண்டாம். (இதைப் படிக்கிறவர்களில் வண்டி விற்றவர்கள் இருந்தால், ஆர்.சி.யில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.)

இன்னொரு கோணம் பலர் விட்டுவிடுவது. குட்டி யானை தானாக வந்து இடித்ததா, அல்லது அதை வேறொரு லாரியோ பஸ்ஸோ பின்னால் தள்ளியதா? ஜி.எஸ்.டி. ரோடு சிக்னல்களில் மூன்று நாலு வண்டிகள் வரிசையாக இடித்துக்கொள்வது சாதாரணம். இரண்டு வண்டிகளின் தப்பு சேர்ந்து மூன்றாமவருக்கு அடிபட்டால், அவர் இரண்டில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வாங்கலாம் என்று 2015இல் கென்யேய் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. பின்னால் இருந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் உங்கள் கவலையில் பாதி தீர்ந்தது. பக்கத்துக் கடை சி.சி.டி.வி. பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டோவிலோ கால் டாக்ஸியிலோ பயணியாகப் போய் அடிபட்டவர்களுக்கும் இதே கதைதான். ஏறிப் போன வண்டியின் டிரைவர் மேல் கொஞ்சம் தப்பு இருந்தாலே அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியைச் சேர்க்கலாம்.

மனு எங்கே போடுவது? விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிராளி இருக்கும் இடம், இதில் எது வசதியோ அங்கே. சென்னையில் குடியிருந்தால் ஹைகோர்ட் வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம், இல்லையென்றால் செங்கல்பட்டு. அடிபட்டது மனைவி என்பதால் இன்னொரு சலுகை உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். வக்கீல் வைத்தால் ஃபீஸை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் உள்ள வழக்கில் தேடி வந்து வழக்கு கேட்பவர்கள், இல்லாத வழக்கில் போனையே எடுப்பதில்லை.

சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. 164ஆம் பிரிவில் தப்பை நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், இறப்புக்கு ஐந்து லட்சம் என்று குறிப்பிட்ட தொகை. இது இன்சூரன்ஸ் கம்பெனி இல்லாவிட்டால் ஓனர் மேலும் வரும். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்தான். 166ஆம் பிரிவில் தப்பைக் காட்டி உண்மையான நஷ்டம் முழுவதையும் கேட்கலாம்: மருத்துவச் செலவு, போன வருமானம், வலி, பார்த்துக்கொள்ள வந்தவரின் செலவு, மணிக்கட்டு பழையபடி திரும்பாவிட்டால் அந்த ஊனம். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சாதாரண முறிவு, மாவுக்கட்டோடு சரியாகிவிட்டது, வேலைக்கும் திரும்பியாயிற்று என்றால் என் விருப்பம் 164. கணக்குக் காட்டிக் கேட்டால் இரண்டரை லட்சத்தை எட்டுவதே சிரமம். தட்டு வைத்து ஆபரேஷன், விரல் மடங்கவில்லை, தையல் மாதிரி கைவேலை செய்பவர் என்றால் 166தான். அங்கே ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதத்தைவிட, அந்தக் கை இல்லாமல் அவரால் தன் வேலையைச் செய்ய முடியுமா என்பதைத்தான் டிரிப்யூனல் பார்க்க வேண்டும்.

பேசி முடிப்பதை நான் எதிர்க்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லாத வழக்குகளில் நல்ல சமரசம் பல சமயம் நல்ல தீர்ப்பைவிட லாபம். ஆனால் சிகிச்சை முடியாமல், கை எப்படி இருக்கும் என்று தெரியாமல் பேசக் கூடாது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற காகிதத்தில் பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் கையெழுத்துப் போடக் கூடாது. தவணை கேட்டால் பின்தேதியிட்ட செக்குகளாக வாங்குங்கள், திரும்பினால் தனியாக செக் மோசடி வழக்கு போடலாம். எல்லாவற்றையும்விட நல்லது, மனுவைப் போட்டுவிட்டு லோக் அதாலத்தில் (சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றம்) உட்கார்ந்து முடிப்பது. அங்கே எழுதுவதை மேல்முறையீட்டில் உடைக்க முடியாது, பணம் தராவிட்டால் நேராக நிறைவேற்று மனு போடலாம். டீக்கடையில் வெள்ளைத்தாளில் எழுதியதை வைத்து அப்படிச் செய்ய முடியாது.

தீர்ப்பு வந்தும் தராவிட்டால் 174ஆம் பிரிவின்படி டிரிப்யூனல் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பி, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லலாம். சிவில் முறையில் வீடு, வங்கிக் கணக்கு, சம்பளத்தில் ஒரு பகுதியை ஜப்தி செய்யவும் வழி உண்டு. வழக்கு நடக்கும்போதே சொத்தை மனைவி, மச்சான் பெயருக்கு மாற்றும் வேலை நடக்கும். அந்தச் சந்தேகம் வந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனு போட வேண்டும். அதற்கு ஆர்.சி. ஓனரின் சொத்து விவரம் இப்போதே தேவை. ஊரில் விசாரித்து சர்வே நம்பரோடு ஒரு வில்லங்கச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். சில நூறு ரூபாய் வேலை.

பதினைந்தாயிரத்தை வாங்காதீர்கள். "சிகிச்சை முடியட்டும், பேசலாம்" என்று மட்டும் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். கிரிமினல் வழக்கில் டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அந்தத் தீர்ப்பின் நகலை உடனே வாங்கி எம்.சி.ஓ.பி. கட்டில் சேர்த்துவிடுங்கள். கெடு விஷயத்தில் மட்டும் அசட்டை கூடாது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலுக்குப் பிறகான சட்டம். அந்த வரம்பு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் தாமதிக்க வேண்டாம். கணக்கு ஓடத் தொடங்குவது எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்தோ டிஸ்சார்ஜ் தேதியிலிருந்தோ அல்ல, குட்டி யானை இடித்த அன்றிலிருந்து.